“பேப்பர் போடுங்க” (ராஜினாமா பண்ணுங்க) என்று சொன்னால்: நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஒரு சம்பளக் கணக்காளரின் வழிகாட்டி

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல வருடங்கள் சம்பளக் கணக்குப் பார்த்தவள் நான். யார் வேலையை விட்டுப் போனாலும் அவருடைய கடைசிக் கணக்கு என் மேசை வழியாகத்தான் போகும். எஃப் அண்ட் எஃப் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தாளில் ‘விலகிய காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஆட்குறைப்பு நடக்கும் மாதங்களில் வரும் தாள்களில் பிறந்த வருடத்தைப் பார்த்தால் 1973, 1975, 1976, 1974 என்று இருக்கும். காரணக் கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரே பதில்: ராஜினாமா. வீட்டுக் கடனும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையும் இருக்கிற இத்தனை பேர் ஒரே மாதத்தில் தாமாகவே வேலையை விட்டார்கள் என்று அந்தத் தாள்கள் சொல்லும். எவரும் அப்படி விடவில்லை என்பது அந்தத் தளத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வேலையை விட்ட பிறகு, தெரிந்தவர்கள் இந்த விஷயமாக என்னிடம் வருகிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் மேல்தளத்தில் இருக்கும் தம்பி ஒருவர், டெஸ்டிங் பிரிவில் இருப்பவர், 47 வயது. “அக்கா, நாளைக்கு ஹெச்.ஆர். மீட்டிங் போட்டிருக்காங்க, என்ன பேசறதுன்னே தெரியலை” என்று ஒரு ராத்திரி வந்து நின்றார். அவருக்குச் சொன்னதையும் மற்றவர்களுக்குச் சொல்லிவருவதையும் இங்கே எழுதுகிறேன். ஐ.டி. துறையை மனதில் வைத்து எழுதினாலும், பணிமனை, கடை, தனியார் அலுவலகம் எங்கிருப்பவருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

வயதைக் கேட்கும் சட்டம் இங்கே இல்லை

அமெரிக்காவில் 1967-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவரை வயதைக் காரணமாக வைத்து நீக்கக் கூடாது, ஒதுக்கக் கூடாது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் வயதும் இருக்கிறது. இந்தியாவில் தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அப்படியொரு சட்டம் கிடையாது. அரசும் அரசு நிறுவனங்களும் அரசியல் சாசனத்தில் சமத்துவத்தைச் சொல்லும் 14, 16-ஆம் பிரிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும், முதல் கர்ப்பத்திலேயே வேலை போய்விடும், 35-க்கு மேல் நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம் என்று விதி இருந்தது. 1981-இல் நர்கேஷ் மீர்சா வழக்கில் கர்ப்ப விதியையும் அந்த விருப்ப அதிகாரத்தையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே அந்த வாதம் எடுபட்டதற்குக் காரணம் அது அரசு நிறுவனம். ஓஎம்ஆரில் இருக்கும் தனியார் நிறுவனத்தின் மேல் 14-ஆம் பிரிவை நேராக வீச முடியாது.

அதனால் “வயசாயிடுச்சுன்னு தூக்கறாங்க” என்று மட்டும் எழுதிக்கொண்டு தொழிலாளர் துறைக்குப் போனால் கையில் பிடிமானம் இருக்காது. பிடிமானம் வேறு இடத்தில் இருக்கிறது: வேலையிலிருந்து நீக்குவதற்கு நம் சட்டம் வைத்திருக்கும் நடைமுறை. நோட்டீஸ், இழப்பீடு, யாரை முதலில் நீக்குவது என்ற வரிசை, மேல்முறையீடு எல்லாமே நிறுவனம் உங்களை நீக்கினால்தான் உயிர்பெறும். நீங்களாக விலகினால் அத்தனையும் செத்துப்போகும். நிறுவனங்கள் ராஜினாமாவுக்கு இவ்வளவு பாடுபடுவது இதற்காகத்தான். என் வழிகாட்டுதல் முழுவதும் இந்த ஓர் இடத்தில் நிற்கிறது. அவர்களுடைய விருப்பத்தை உங்கள் கடிதமாக எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்களுடைய உத்தரவாக அவர்களே எழுதட்டும்.

அழைப்பு வருவதற்கு முன்னால்

அறிகுறிகள் முன்பே தெரியும். நல்ல ரேட்டிங் வாங்கிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று கடைசி ரேட்டிங் வரும். புராஜெக்ட்டிலிருந்து எடுத்து, வேலை எதுவும் தராமல் ‘பெஞ்சில்’ உட்கார வைப்பார்கள். புதுத் தொழில்நுட்பப் பயிற்சிப் பட்டியலில் பெயர் இருக்காது. ‘யங் டீம்’, ‘ஃப்ரெஷ் எனர்ஜி’, ‘காஸ்ட் பிரமிட்’ (சம்பளச் செலவைக் குறைக்க இளையவர்களை அதிகமாக்குவது) போன்ற சொற்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

முதல் வேலை, உங்களுக்குச் சொந்தமான தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவது. பணி நியமன ஆணை, ஒவ்வோர் ஆண்டின் சம்பள உயர்வுக் கடிதம், அப்ரைசல் ரேட்டிங், சம்பளச் சீட்டு, பாராட்டுக் கடிதம், மருத்துவக் காப்பீட்டு அட்டை, விடுப்பு இருப்புக் கணக்கு. லேப்டாப்பைப் பிடுங்கிக்கொள்ளும் நாளில் இவை எதையும் எடுக்க முடியாது. மீட்டிங் முடிந்து இருக்கைக்குத் திரும்புவதற்குள் லாகின் முடங்கிவிடும்.

அதே சமயம் ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர் ஆவணம், மென்பொருள் நிரல், மற்றவர்களுடைய சம்பள விவரம் எதையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். பதற்றத்தில் மொத்த இன்பாக்ஸையும் அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. தகவல் திருட்டு என்று ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அதுவே போதும், பிறகு உங்கள் நியாயம் எதுவும் பேச்சுக்கே வராது. உங்கள் பெயருக்கு வந்த கடிதம் உங்களுடையது, மற்றதைத் தொட வேண்டாம்.

நியமன ஆணையில் இரண்டு இடங்களை அடிக்கோடிட்டு வையுங்கள். ஓய்வு வயது எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் 58 அல்லது 60. நோட்டீஸ் காலம் எவ்வளவு, அது இரு தரப்புக்கும் பொதுவா என்று இன்னொரு வரி இருக்கும். பின்னால் கணக்குப் போடும்போது இது ரொம்ப முக்கியம்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், யார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். “இந்த வயசுல உங்களுக்கு ஏன் சார் இந்த டென்ஷன், பசங்க பாத்துக்கட்டும்” என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னதுகூட அப்படியே பேச்சுவழக்கில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதைவிட அன்றைய தேதியிட்ட குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

பிஐபி கொடுத்தால்

திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர் வைத்து 30 அல்லது 60 நாள் கெடு கொடுப்பார்கள். வயது என்ற காரணத்தைத் திறமைக் குறைவு என்ற தாளாக மாற்றும் இடம் பெரும்பாலும் இதுதான். வாங்க மறுக்காதீர்கள், கீழ்ப்படியாமை என்று எழுதிவிடுவார்கள். ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த நாளே மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்த வேலையில் எந்தத் தேதியில் குறை கண்டீர்கள், எந்த அளவை எட்டினால் தேறியதாகக் கொள்வீர்கள், எந்தப் பயிற்சி தருவீர்கள், வாரம் ஒருமுறை யார் மதிப்பிடுவார். முந்தைய மூன்று ஆண்டுகளின் ரேட்டிங்கைத் தேதியோடு அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். தெளிவான பதில் வந்தால் அதைச் செய்து முடிக்க வழி இருக்கிறது. பதிலே வராவிட்டால் அந்த மௌனம் கோப்பில் உங்கள் பக்கம் நிற்கும்.

அந்த அறையில்

பொதுவாக வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிடுவார்கள். மேலாளர் ஒருவர், ஹெச்.ஆர். ஒருவர். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். முதலில் நிறுவனத்தின் கஷ்டம், பிறகு உங்கள் மேல் அக்கறை, பிறகு ஒரு டிராஃப்ட் கடிதம் அல்லது திறந்து வைத்த ராஜினாமாப் பக்கம். “நீங்களே பேப்பர் போட்டுட்டீங்கன்னா ரிலீவிங் லெட்டர் கிளீனா வரும் சார். இல்லேன்னா நாங்க டெர்மினேட் பண்ண வேண்டி வரும், அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது. அஞ்சு மணிக்குள்ள முடிவு பண்ணுங்க.”

இதற்கு விவாதம் செய்யாதீர்கள். பதினைந்து வருடம் உழைத்த கதையை அங்கே சொல்லி அழாதீர்கள். முடிவெடுத்தவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. மேல்தளத்துத் தம்பிக்கு நான் மூன்று வாக்கியம்தான் மனப்பாடம் செய்யக் கொடுத்தேன்.

“எனக்கு வேலையை விடும் எண்ணம் இல்லை.”

“நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள், படித்துப் பதில் தருகிறேன்.”

“இன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.”

என்ன கேட்டாலும் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். குரல் உயர வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டத்தில், 40 வயதைக் கடந்தவரிடம் வயது சார்ந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் வாங்க வேண்டுமானால் யோசிக்க 21 நாள் தர வேண்டும். கூட்டமாக நீக்கினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற 7 நாள். நம் ஊர்க் கிளையில் அதே நிறுவனம் ஐந்து மணி வரைதான் தரும். இங்கே அந்த அவகாசத்தைச் சட்டம் தராததால் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டும், மாத்திரை போட வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள். உங்களைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமையில்லை.

வெளியே வந்த அன்றே ஒரு மின்னஞ்சல். அலுவலக லாகின் இருந்தால் அதிலிருந்து, முடக்கிவிட்டார்கள் என்றால் சொந்த முகவரியிலிருந்து. இப்படி எழுதினால் போதும்:

‘இன்று பிற்பகல் மூன்று மணிக்கு நடந்த கூட்டத்தில் என்னை ராஜினாமா செய்யும்படி கேட்டீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை என்று தெரிவித்தேன். தொடர்ந்து பணியாற்ற ஆயத்தமாக இருக்கிறேன். என் பணி தொடர்பாக நிறுவனம் ஏதேனும் முடிவு எடுத்திருந்தால் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். அடுத்த வேலை நாளும் வழக்கமான நேரத்துக்கு அலுவலகத்துக்குப் போங்கள். வாசலில் அடையாள அட்டை வேலை செய்யவில்லை என்றால் அதைத் தேதி, நேரத்தோடு இன்னொரு மின்னஞ்சலாக அனுப்புங்கள். வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று அவர்கள் எழுத முடியாமல் போவது இதனால்தான்.

தாளில் பணம் எப்படி மாறுகிறது

இது என் சொந்த இடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தத் தம்பியின் கணக்கையே வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 1,04,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 52,000. சேவை 14 ஆண்டு 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேலானதை ஓர் ஆண்டாகச் சேர்ப்பதால் 15 ஆண்டு.

பணிக்கொடை (கிராஜுவிட்டி): 52,000-ஐ 26-ஆல் வகுத்தால் 2,000. அதை 15 நாளால் பெருக்கினால் 30,000. அதை 15 ஆண்டால் பெருக்கினால் 4,50,000 ரூபாய். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு இது ராஜினாமா செய்தாலும் உண்டு, நீக்கினாலும் உண்டு. 30 நாளுக்குள் தர வேண்டும். இதைப் பெரிய சலுகைபோலச் சொன்னால் நம்பாதீர்கள், இது உங்கள் பணம்.

ஆட்குறைப்பு இழப்பீடு: முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 52,000-இல் பாதி 26,000, 15 ஆண்டுக்கு 3,90,000 ரூபாய். இது நீக்கினால் மட்டும்தான். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. புதிய தொகுப்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மறுபயிற்சி நிதியாக 15 நாள் சம்பளம், நீக்கிய 45 நாளுக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இவருக்கு அது இன்னொரு 26,000.

நோட்டீஸ்: சட்டப்படி குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், காரணத்தையும் எழுதித் தர வேண்டும். இங்கேதான் நியமன ஆணையில் அடிக்கோடிட்ட வரி உதவும். இவருடைய ஆணையில் இரு தரப்புக்கும் மூன்று மாதம் என்று இருந்தது. ஹெச்.ஆர். சொன்னது, “உங்க சர்வீஸை மதிச்சு மூணு மாச சம்பளம் தர்றோம் சார்.” அந்த மூன்று மாதம் ஒப்பந்தப்படி அவர்கள் எப்படியும் தர வேண்டியது. மதிப்புக்காக அவர்கள் சேர்த்தது ஒரு ரூபாய்கூட இல்லை.

வரியிலும் வித்தியாசம் உண்டு. சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5,00,000 ரூபாய் வரை வருமான வரி விலக்கு இருக்கிறது. ராஜினாமா செய்தவருக்குக் கருணைத்தொகை என்று அதே பணத்தைக் கொடுத்தால் சம்பளமாகச் சேர்த்து முழு வரியும் பிடிப்போம். பணம் ஒன்றுதான், தலைப்பு வேறு, கைக்கு வருவது குறைவு.

ஆக, இழப்பீடும் மறுபயிற்சி நிதியும் சேர்த்து, அந்த ராஜினாமாத் தாள் இவருக்கு 4,16,000 ரூபாய் நஷ்டம். அதற்கு மேல் வழக்காடும் உரிமையும் போகிறது. உங்கள் எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போங்கள். எண் தெரிந்தவரின் குரல் நடுங்குவதில்லை.

கடைசியாக வந்தவர் முதலில்

நம் சட்டத்தில் வயதானவருக்கு மிக அருகில் வந்து நிற்கும் விதி இது. ஒரே வகை வேலையில் பலர் இருக்கும்போது ஆளைக் குறைத்தால், கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் நீக்க வேண்டும். மாற்றிச் செய்வதானால் நிறுவனம் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நீண்ட காலம் இருந்தவர்களே பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள் என்பதால் இந்த விதி வயது பாகுபாட்டின் கழுத்தில் கைவைக்கிறது. நோட்டீஸ் வந்தால் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘என் பிரிவில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் தொடரும்போது என்னைத் தேர்ந்தெடுத்த காரணம் என்ன?’ உங்களோடு அழைக்கப்பட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பிரிவில் ஏழு பேர், அத்தனை பேரும் 42-க்கு மேல், அவர்கள் இடத்தில் புதிதாகக் கல்லூரி முடித்தவர்கள் என்று சேர்ந்து எழுதினால் ஒருவரின் புலம்பல் ஒரு போக்கின் சான்றாக மாறும்.

மேனேஜர் என்ற பெயர் இருந்தால்

இந்தப் பாதுகாப்பெல்லாம் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான். முக்கியமாக நிர்வாக வேலை பார்ப்பவர் வரமாட்டார். மேற்பார்வை வேலை பார்ப்பவர், சம்பளம் மாதம் 18,000-ஐத் தாண்டினால் வரமாட்டார். தொழில்நுட்ப வேலை பார்ப்பவருக்கோ சம்பள உச்சவரம்பே இல்லை, லட்ச ரூபாய் வாங்கினாலும் வருவார். ‘நீங்க மேனேஜர் கிரேடு சார், லேபர் லா உங்களுக்குப் பொருந்தாது’ என்று ஹெச்.ஆர். சொல்வதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்டையில் இருக்கும் பட்டத்தை வைத்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை, நாள் முழுக்க என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்க்கும். அசோசியேட் மேனேஜர் என்று அட்டை வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை டெஸ்ட் கேஸ் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆளெடுக்க, நீக்க, சம்பளம் உயர்த்த, விடுப்பு அனுமதிக்க உங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதை நோட்டுப் புத்தகத்தில் தெளிவாக எழுதுங்கள்.

உண்மையிலேயே நிர்வாகப் பதவியில் இருந்தவருக்கு நியமன ஒப்பந்தம்தான் துணை. அவர் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுவது நல்லது.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு

அழுத்தத்தில் போட்டுவிட்டோமே என்று மனம் உடைந்து வருகிறவர்கள்தான் அதிகம். கதவு உடனே மூடிவிடுவதில்லை. பின்னொரு தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்ற கோட்பாட்டை 1978-இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படியானாலும் ஏற்புக் கடிதம் வருவதற்கு முன்னால் எழுதுவது நல்லது, முடிந்தால் அன்று இரவே: ‘இன்று என்னிடம் கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன். அது என் சுயவிருப்பத்தில் எழுதப்பட்டதல்ல.’ மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

கணக்கு முடித்துப் பணம் தரும்போது ‘எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று ஒரு தாள் நீட்டுவார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும், ராஜினாமா செய்தவருக்கும்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று நிபந்தனை வைக்க அவர்களுக்கு உரிமையில்லை.

எங்கே போவது

இருபதோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில். வேலையில் இருக்கும்போதே அங்கே ஒரு மனு கொடுங்கள். தீராவிட்டாலும், முறையாகக் கேட்டேன் என்பதற்கு ஆதாரம்.

நீக்க உத்தரவு கையில் வந்துவிட்டால் இரண்டு வழி. ஒன்று, தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. பழைய சட்டத்தில் மூன்று ஆண்டுக் கெடு இருந்தது, புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டுதான். இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், முதல் மாதத்திலேயே போங்கள். சாட்சி சொல்லக்கூடிய சக ஊழியர் இன்னும் அதே ஊரில் இருப்பார், உங்களுக்கும் தேதிகள் மறந்திருக்காது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-ஆவது பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் செய்ய வேண்டும், அதனால் இதற்குத்தான் முதலில் நாள் குறிக்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இது பொருந்தாது. எந்த வழி உங்களுக்கு ஏற்றது என்று தொழிலாளர் வழக்கு பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இதே சட்டத்தைப் பற்றி இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. என் அண்ணி தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தார். 45-க்கு மேல் முழங்கால் வலி வந்ததும் ‘நிக்க முடியலேன்னா வீட்டுல இருங்க’ என்றார்கள். வயதைச் சொல்லி அனுப்பவில்லை, காலைச் சொல்லி அனுப்பினார்கள். 2021-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது தமிழ்நாடு அரசு. கடையில் வேலை பார்க்கும் அக்காக்கள், அம்மாக்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உட்கார இடம் கேட்பது வேலையைத் தட்டிக்கழிப்பதாகாது.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. ஐ.டி. ஊழியர்களுக்கும் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு, சென்னையில் சங்கங்களும் இருக்கின்றன. தனியாகப் போவதைவிடச் சங்கத்தோடு போனால் சமரச அலுவலர் முன் எதிர்த்தரப்பு ஒழுங்காக வந்து உட்காரும்.

சண்டை வேண்டாம் என்று முடிவெடுத்தால்

எல்லோராலும் வழக்குப் போட முடியாது. வீட்டில் நோயாளி இருப்பார், அடுத்த வேலை கையில் இருக்கும், ரிலீவிங் லெட்டர் இல்லாமல் புது நிறுவனம் எடுக்காது. அந்தப் பயம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விலகுவது என்று முடிவெடுத்தாலும் சும்மா விலகாதீர்கள். மேலே போட்ட கணக்குத் தாளை வைத்துப் பேசுங்கள். ஒப்பந்த நோட்டீஸ் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 15 நாள், விடுப்புப் பணம், மருத்துவக் காப்பீடு இந்த ஆண்டு முடியும் வரை, அனுபவச் சான்றிதழில் என்ன வாசகம் என்பது வரை எல்லாவற்றையும் அவர்கள் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து. முதல் பேச்சில் முடியாது என்பார்கள். நிறுவனத்துக்கும் வழக்கு வேண்டாம் என்பதால் இரண்டாம் பேச்சில் தொகை ஏறும். அந்தத் தாள்களும் என் மேசைக்கு வந்ததால் தெரியும்.

காப்பீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். நாற்பதைத் தாண்டியவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும். புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் போடலாம். வேலையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள், குழுவில் இருந்த காலம் அதில் கழியும்.

பி.எஃப். பணத்தில் ஓய்வூதியப் பங்கைப் பதறி எடுத்துவிடாதீர்கள். மொத்தச் சேவை பத்து ஆண்டு ஆனால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. எட்டு ஆண்டில் நிற்பவர் பணத்தை எடுத்தால் அந்த எட்டும் அழிந்துபோகும். பணத்தை எடுக்காமல், அந்தச் சேவைக் காலத்தைக் காக்கும் திட்டச் சான்றிதழை (ஸ்கீம் சர்டிஃபிகேட்) வாங்கி வைத்தால் அடுத்த வேலையின் இரண்டு ஆண்டு அதோடு சேரும். வெளியேறிய தேதியை நிறுவனம் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம்.

மறுபடி வேலை தேடும்போது

‘வயது 35-க்குள்’ என்று தனியார் நிறுவனம் விளம்பரம் செய்வதை நம் சட்டம் தடுக்கவில்லை. அந்த விளம்பரத்தை விட்டுவிட்டு, பழைய சக ஊழியர்கள் இருக்கும் நிறுவனங்களில் நேராகக் கேளுங்கள். நாற்பதுக்கு மேல் கிடைக்கும் வேலை பெரும்பாலும் தெரிந்தவர் வாய்ச்சொல்லில்தான் கிடைக்கிறது. பயோடேட்டாவில் பிறந்த தேதியும் பட்டம் வாங்கிய வருடமும் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசி பத்துப் பன்னிரண்டு வருட வேலையை விரிவாக எழுதி, அதற்கு முந்தையதை இரண்டு வரியில் முடியுங்கள். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். வயதையோ சேவைக் காலத்தையோ மாற்றிச் சொல்லவே கூடாது. ஆதாரும் பி.எஃப். கணக்கின் சேவை வரலாறும் சரிபார்ப்பில் ஒத்துவராவிட்டால் கொடுத்த வேலையையும் எடுத்துவிடுவார்கள்.

“உங்களைவிடச் சின்னவர் லீடா இருந்தா பரவாயில்லையா?” என்று கேட்பார்கள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அப்படி வேலை பார்த்த ஒரு புராஜெக்ட்டை, அதில் என்ன முடித்தீர்கள் என்பதோடு சொல்லுங்கள்.

நீக்கப்பட்டு வந்தவர் இன்னொன்றையும் செய்ய வேண்டும். ஆட்குறைப்பு நடந்த ஓர் ஆண்டுக்குள் அதே நிறுவனம் ஆள் எடுத்தால், நீக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும், மற்றவர்களைவிட அவர்களுக்கே முன்னுரிமை. வேலைவாய்ப்புத் தளங்களில் பழைய நிறுவனத்தின் பெயருக்கு அறிவிப்பு வைத்துவிடுங்கள். உங்கள் பழைய வேலைக்கே இரண்டு வருட அனுபவம் போதும் என்று விளம்பரம் வந்தால், தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு உங்களை எடுக்கும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதன் நகலைச் சமரச அலுவலரிடம் இருக்கும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.